கேண்டி கார்ன்: தின்ன வீட்டில் கிண்டியது, ஒட்டக் கடையில் வாங்கியது

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் திறந்த கையோடு கடைகளில் ஆரஞ்சு நிறப் பாக்கெட்டுகள் வந்து இறங்கிவிடும். அடியில் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, நுனியில் வெள்ளை என்று மக்காச்சோள முத்தைப் போல இருக்கும் அந்தச் சின்ன மிட்டாய்தான் கேண்டி கார்ன். அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனுக்கு ஆகிற செலவில் இதற்கென்று ஒரு பங்கு எப்போதும் உண்டு. விரும்பித் தின்பவர்களும், "மெழுகுவத்தியைக் கடித்த மாதிரி இருக்கிறது" என்று முகம் சுளிப்பவர்களும் ஒரே வீட்டிலேயே இருப்பார்கள்.

இருவர் சொல்வதும் சரிதான். பாக்கெட்டில் வருவது பார்க்க அழகு, தின்னச் சுமார். வீட்டில் செய்வது தின்ன அருமை, ஆனால் அலங்காரத்துக்கு ஒத்துவராது. மிருதுவாக இருக்கும், ஒன்றைப்போல ஒன்று இருக்காது, நாலு நாள் காற்றில் கிடந்தால் ஓரம் காய்ந்து வெடிக்கும். ஆகவே தின்பதற்கு வீட்டில் கிண்டுங்கள், ஒட்டுவதற்குக் கடையில் வாங்குங்கள்.

இந்த மிட்டாய் எப்படி உருவாகிறது

1880களில் பிலடெல்பியாவில் வுண்டர்லி மிட்டாய் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ரென்னிங்கர் இதை முதலில் செய்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. 1898 வாக்கில் கோலிட்ஸ் நிறுவனம் செய்யத் தொடங்கியது. இன்று ஜெல்லி பெல்லி என்று அறியப்படுவது அந்த நிறுவனம்தான். அப்போது இதற்கு வைத்த பெயர் 'சிக்கன் ஃபீட்', அதாவது கோழித் தீவனம். சோளம் என்றாலே கோழிக்குப் போடுவது என்று நினைத்த காலம் அது.

ஆலையில் இதை மாவாகப் பிசைவதில்லை, ஊற்றுகிறார்கள். தட்டு நிறையச் சோளமாவை நிரப்பி, அச்சை அழுத்தி முத்து வடிவில் குழிகள் எடுத்து, ஒவ்வொரு நிறமாக மூன்று தடவை பாகை ஊற்றுவார்கள். முந்தின அடுக்கு முழுதாக இறுகுவதற்குள் அடுத்தது விழுவதால் மூன்றும் ஒட்டிக்கொள்ளும். சோளமாவு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, மிட்டாய் வடிவம் பிடிக்கும். பிறகு மாவைச் சலித்து எடுத்துவிட்டு மேலே பளபளப்புப் பூச்சு கொடுப்பார்கள்.

சைவ வீடுகள் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. வழக்கமான பாக்கெட்டுகளில் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டின் அல்லது பன்றியின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. பளபளப்புக்குப் பூசுவது 'கன்ஃபெக்ஷனர்ஸ் கிளேஸ்'. பெயர் நாசூக்காக இருந்தாலும் பொருள் அரக்குதான். வளையலுக்கும் முத்திரைக்கும் பயன்படும், பூச்சியிலிருந்து கிடைக்கும் அதே அரக்கு. பாக்கெட்டின் முன்பக்கப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். ஜெலட்டின் இல்லாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், விலைதான் கூடுதல். கீழே உள்ள வீட்டுச் செய்முறையில் இரண்டுமே இல்லை.

வீட்டில் கிண்டும் முறை

சுமார் 300 துண்டுகள் வரும். நிதானமாகச் செய்தால் காயவைக்கும் நேரம் போக இரண்டு மணி நேரம் ஆகும். உருட்ட இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. மாவு இறுகிக்கொண்டே போகும் என்பதால் இது தனியாளுக்கு ஏற்ற வேலை அல்ல.

உலர்ந்தவை:
- ஐசிங் சர்க்கரை 260 கிராம்
- பால் பவுடர் 30 கிராம்
- உப்பு அரை டீஸ்பூன்

பாகுக்கு:
- சர்க்கரை 200 கிராம்
- லைட் கார்ன் சிரப் 210 கிராம்
- தண்ணீர் 80 மில்லி
- உப்பில்லாத வெண்ணெய் 55 கிராம்
- வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன்

நிறத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு ஜெல் வண்ணம். ஆரஞ்சு இல்லையென்றால் மஞ்சளோடு சிவப்பு ஒரு துளி சேர்த்தால் போதும். தண்ணீராக இருக்கும் வண்ணம் வேண்டாம். அடர் நிறம் வர அதை அரை டீஸ்பூன் ஊற்ற வேண்டியிருக்கும், அந்த ஈரத்திலேயே மாவு இளகிவிடும். செயற்கை வண்ணம் பிடிக்காதவர்கள் மஞ்சள் பகுதிக்குக் கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் போடலாம். வெனிலா இருப்பதால் வாசம் பெரிதாகத் தெரியாது.

கார்ன் சிரப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: குலாப் ஜாமூனுக்குப் பாகு காய்ச்சும்போது பூத்துவிடாமல் இருக்க எலுமிச்சைச் சாறு விடுகிறோமே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. இதிலுள்ள குளுக்கோஸ் குறுக்கே நிற்பதால் சர்க்கரை மறுபடி படிகமாகச் சேர முடிவதில்லை. இங்கே மொத்த எடையில் கால் பங்குக்கு மேல் அதுவே இருப்பதால் மாவுக்கு வளையும் தன்மையும் வருகிறது. இந்தியாவில் இருப்பவர்கள் பேக்கரிப் பொருள் கடைகளில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் வாங்கலாம். அது இன்னும் கெட்டி என்பதால் தண்ணீரை ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். எலுமிச்சை மட்டும் பிழிந்து சமாளிக்க முடியாது. பாகு பூக்காமல் இருக்கும், ஆனால் மாவு வளையாது.

முதலில் உலர்ந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து இரண்டு தடவை சலித்து வையுங்கள். இந்த இடத்தில் சோம்பல் பட்டால் கடைசியில் வெள்ளைப் பகுதியில் பால் பவுடர் கட்டிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். வீட்டு மிக்ஸியில் அரைத்த சர்க்கரையும் ஆகாது. எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் நறநறக்கும்.

அடிகனமான பாத்திரத்தில் சர்க்கரை, கார்ன் சிரப், தண்ணீர் மூன்றையும் போட்டு மிதமான தீயில் வையுங்கள். கொதி வந்ததும் நான்கு நிமிடம் மூடி வையுங்கள். ஆவி மூடியில் பட்டு வழிந்து, பாத்திர ஓரத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துகள்களைக் கழுவிவிடும். ஒரே ஒரு துகள் பாகில் விழுந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றவை சேர்ந்து பாகு பூக்கும். மூடியை எடுத்து வெண்ணெய் சேருங்கள். அது உருகிக் கலந்ததும் கிளறுவதை நிறுத்திவிட்டுத் தெர்மாமீட்டரை இறக்குங்கள். முனை அடியில் தொடக் கூடாது.

நிற்க வேண்டிய இடம் 110 டிகிரி செல்சியஸ், அமெரிக்கத் தெர்மாமீட்டரில் 230 ஃபாரன்ஹீட். நம் கணக்கில் கம்பிப் பதம் முற்றி, உருட்டுப் பதத்துக்குப் போவதற்கு முந்தின நிலை. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம். கரையாமல் அடியில் தங்க வேண்டும், விரலால் கூட்டினால் சேர வேண்டும், ஆனால் உருண்டையாக நிற்காமல் தட்டையாகச் சரிய வேண்டும். அதிரசத்துக்கு எடுப்பது போல உருண்டை நின்றுவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். உடனே இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு மறுபடி காய்ச்சுங்கள்.

மலைப்பாங்கான ஊர்களில் இந்த எண் மாறும். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குத் தோராயமாக ஒரு டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொள்ள வேண்டும். 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில் 105 டிகிரியிலேயே இறக்கிவிடலாம். அங்கே 110 வரை விட்டால் உருண்டை நிற்கும் பதத்துக்குப் போய் மாவு இறுகிவிடும். உங்கள் தெர்மாமீட்டர் சரிதானா என்று சந்தேகம் இருந்தால் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள். அது காட்டும் எண்ணோடு பத்து டிகிரி செல்சியஸ் கூட்டினால் அதுவே உங்கள் வீட்டுக்கான இலக்கு. ஊரின் உயரமும் கருவியின் பிழையும் அதிலேயே அடங்கிவிடும்.

அடுப்பிலிருந்து இறக்கி வெனிலா விட்டு, சலித்து வைத்ததை மொத்தமாகக் கொட்டி வேகமாகக் கிளறுங்கள். ஒரு நிமிடத்தில் கட்டி உடைந்து வழவழப்பாகும். பட்டர் பேப்பர் விரித்த தட்டில் கொட்டிப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். ஓரம் கெட்டியாகி நடுப்பகுதி கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது பிசையத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டிலேயே பிசைந்தால் வெண்ணெய் பிரிந்து கையெல்லாம் எண்ணெய் வழியும். அப்படி ஆனால் பயப்பட வேண்டாம், பத்து நிமிடம் சும்மா விட்டால் மறுபடி சேர்ந்துவிடும்.

பிரிப்பது, உருட்டுவது, வெட்டுவது

இணையத்தில் உலவும் செய்முறைகள் பலவும் மாவைச் சமமாக மூன்றாகப் பிரிக்கச் சொல்லும். மூன்று திரிகளை ஒட்டி முக்கோணம் முக்கோணமாக மாற்றி மாற்றி வெட்டினால், பாதித் துண்டுகளில் மஞ்சள் அகலமாகவும் மீதிப் பாதியில் வெள்ளை அகலமாகவும் வரும். தின்ன ஒன்றும் குறையில்லை, தட்டில் வைத்தால் குழப்பமாகத் தெரியும். உயரம் சமமான மூன்று பட்டைகளாக ஒரு முக்கோணத்தைப் பிரித்தால் பரப்பளவு 5, 3, 1 என்ற விகிதத்தில் வரும். நுனி கூர்மையாக இல்லாமல் மழுங்கலாக இருக்க வேண்டும் என்பதால் வெள்ளையைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் கணக்கு இப்படி அமையும்: மஞ்சளுக்கு 360 கிராம், ஆரஞ்சுக்கு 270, வெள்ளைக்கு 150. மொத்தம் சற்று முன்பின் வந்தால் மஞ்சளில் சரிசெய்யுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு வண்ணம் சேருங்கள். வெள்ளையை முதலில் பிரித்துத் தனியே மூடி வைத்துவிட்டு, மஞ்சள், ஆரஞ்சு என்ற வரிசையில் போனால் பலகையை நடுவில் கழுவ வேண்டியிருக்காது. வெண்ணெய் இருப்பதால் வெள்ளை பளிச்சென்று வராது, பால்கோவா நிறத்தில் இருக்கும். அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு நிறத்தையும் எட்டாகப் பிரியுங்கள். கையில் எடுத்த ஒரு செட்டைத் தவிர மற்றதெல்லாம் கிளிங் ரேப்புக்குள் இருக்க வேண்டும். மூன்று நிறத்தையும் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு உருட்டுங்கள். எடை வேறு, நீளம் ஒன்று என்பதால் மஞ்சள் திரி தடியாகவும் வெள்ளை மெலிதாகவும் வரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஒட்டுங்கள். இரண்டு ஸ்கேல் எடுத்து, மஞ்சள் ஓரம் அகலமாகவும் வெள்ளை ஓரம் குறுகலாகவும் வருகிற மாதிரி இரண்டு பக்கமும் சாய்த்து அழுத்துங்கள். முனையிலிருந்து பார்த்தால் ஒரு கேண்டி கார்னின் முகம் அப்படியே தெரிய வேண்டும்: அடி 1.6 சென்டிமீட்டர், உயரம் 2.2. பிறகு கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத்துணியில் துடைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்குங்கள். கத்தியை முன்னும் பின்னும் இழுத்தால் வெள்ளையில் ஆரஞ்சு தடவிவிடும். நேராக ஒரே அழுத்து.

பட்டர் பேப்பரில் பரப்பி ஒரு மணி நேரம் காயவிடுங்கள். மேலே மெல்லிய தோல் மாதிரி ஒன்று கட்டும். அதன் பிறகு டப்பாவில் அடுக்குக்கு ஒரு தாள் போட்டு, காற்று புகாமல் மூடினால் இரண்டு வாரம் மிருதுவாக இருக்கும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் வழியும்.

உருட்டும்போது மாவு விரிசல் விட்டால் ஆறிவிட்டது என்று பொருள். மைக்ரோவேவில் ஐந்து முதல் ஏழு விநாடி, அதற்கு மேல் போகக் கூடாது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் பாகு பதம் போதவில்லை. ஒவ்வொரு மேசைக்கரண்டியாக ஐசிங் சர்க்கரை தூவிப் பிசையுங்கள். திரிகள் ஒன்றோடொன்று ஒட்டவே மாட்டேன் என்றால் உருட்டும்போது ஐசிங் சர்க்கரை அதிகம் தூவியிருக்கிறீர்கள். ஓரங்களில் ஈர விரலை லேசாக ஓட்டினால் போதும், தண்ணீர் தடவினால் நிறம் கசியும். எல்லாம் முடிந்து மறுநாள் கடித்தால் நறநறவென்று இருந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை, பாகு பூத்திருக்கிறது. பால் கொதிக்க வைத்து அதில் கரைத்துக் குடிக்கலாம், மோசமாக இருக்காது.

பாக்கெட்டிலிருந்து செய்யும் தின்பண்டங்கள்

மிகச் சுலபமானதும், என் கணக்கில் மிகச் சிறந்ததும், உப்புக் கடலைக் கலவை. இரண்டு கப் உப்பு போட்ட வறுத்த வேர்க்கடலைக்கு ஒரு கப் கேண்டி கார்ன். வேறெதுவும் வேண்டாம். தனியாகத் தின்றால் திகட்டுகிற மிட்டாய் உப்போடு சேர்ந்ததும் கடலையும் கேரமலும் கலந்த சாக்லேட் பாரின் ருசிக்கு வந்துவிடும். கடலை நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாகக் கொட்டினால் மேல்பூச்சு உருகிக் கொத்தாக ஒட்டும். இதில் பாப்கார்னோ பொரியோ சேர்ப்பதென்றால் பரிமாறும் நேரத்தில் மட்டும். மிட்டாயின் ஈரத்தைப் பொரி இழுத்துக்கொண்டு ஒரே ராத்திரியில் நமத்துப்போகும்.

அடுத்தது உருக்கிச் செய்யும் பார். 225 கிராம் கேண்டி கார்னைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மைக்ரோவேவில் ஒரு நிமிடம், கிளறிவிட்டு மறுபடி இருபது இருபது விநாடியாக, முழுதும் உருகும் வரை. சூடு ஆறுவதற்குள் 225 கிராம் பீநட் பட்டரைச் சேர்த்துக் கிளறி, பட்டர் பேப்பர் விரித்த 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் அழுத்திப் பரப்புங்கள். பீநட் பட்டர் ஃபிரிட்ஜிலிருந்து நேரே வந்திருந்தால் மிட்டாய் சட்டென்று உறைந்து நூல் நூலாகத் திரளும், ஆகவே அறைச்சூட்டில் இருக்கட்டும். லேசான சூடு இருக்கும்போதே துண்டு போடுங்கள். முழுதாக ஆறிய பிறகு வெட்டினால் உதிரும். துண்டுகள் ஆறியதும் 200 கிராம் உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுக்கலாம். மொறுமொறுப்பும் பொலபொலப்புமாக, கடையில் கிடைக்கும் கடலை பார்களுக்குப் பக்கத்தில் நிற்கும்.

வெள்ளைச் சாக்லேட் தகடுக்கு 350 கிராம் சாக்லேட், 100 கிராம் உப்பு ப்ரெட்ஸல் (முடிச்சு வடிவ மொறுமொறு பிஸ்கட்), 120 கிராம் கேண்டி கார்ன். சாக்லேட்டைப் பாதி பவரில் உருக்கி, தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, ப்ரெட்ஸலை முதலிலும் கேண்டி கார்னைக் கடைசியிலும் அழுத்துங்கள். வெள்ளைச் சாக்லேட் எளிதில் கருகும். கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் திரிந்த பால் மாதிரி கட்டிவிடும். கட்டிவிட்டதை மீட்க முயலாமல், அதில் கொஞ்சம் சூடான பால் விட்டு ஐஸ்கிரீமுக்குச் சாஸ் ஆக்கிக்கொண்டு புதிதாக உருக்குவதே புத்திசாலித்தனம்.

குக்கீ, கப்கேக்கின் மேல் வைப்பதில் ஒரே ஒரு விதி. ஓவனுக்குள் மிட்டாய் போகக் கூடாது. 175 டிகிரியில் அது பாகாக உருகி ஓடித் தட்டில் கருகிப்போகும், மேலே குழி மட்டும் மிஞ்சும். குக்கீயை வெளியே எடுத்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், உருகாது. விப்ட் கிரீமின் மேல் வைப்பதென்றால் பந்தியில் வைப்பதற்குச் சற்று முன்னால்தான். ஈரம் பட்டு ஆரஞ்சு வழியத் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை. வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் செய்ததைக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. பெற்றோர் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவர்களுக்குச் சீல் பிரிக்காத பாக்கெட்டு மட்டும். வகுப்புக்குக் கொடுத்து அனுப்புவதற்கு முன்னும் கடலை அலர்ஜி பற்றிய பள்ளியின் விதியைப் பார்த்துவிடுங்கள். மேலே சொன்னவற்றில் இரண்டு கடலைப் பண்டங்கள். இவையெல்லாம் வீட்டுக்கு வரும் நண்பர்களுக்குத்தான். 2024இல் ஹாலோவீனும் தீபாவளியும் ஒரே நாளில் வந்தபோது லட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கக்கூடிய பண்டம் என்றால் அந்த உப்புக் கடலைக் கலவைதான்.

சோளக் கதிர்

பண்டத்துக்கும் அலங்காரத்துக்கும் நடுவில் நிற்பது இது. கேண்டி கார்னின் வெள்ளை நுனியை உள்ளே செருகி மஞ்சள் அடியை வெளியே காட்டி வட்டம் வட்டமாக அடுக்கினால், நிஜக் கதிர் போலவே வரும். மிட்டாயின் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்று அப்போதுதான் புரியும்.

உள்தண்டுக்கு 125 கிராம் பீநட் பட்டர், 100 கிராம் ஐசிங் சர்க்கரை, 50 கிராம் பால் பவுடர் சேர்த்துச் சப்பாத்தி மாவை விடக் கெட்டியாகப் பிசையுங்கள். நான்கு கதிருக்கு வரும். ஒவ்வொன்றையும் 10 சென்டிமீட்டர் நீளம், இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில், ஒரு முனை சற்று ஒடுங்கினாற்போல் உருட்டி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மாவு தளர்வாக இருந்தால் பாதி அடுக்கியதும் பாரம் தாங்காமல் வளையும்.

அகலமான முனையிலிருந்து தொடங்குங்கள். முதல் வட்டத்தில் சுமார் 14 மிட்டாய் கொள்ளும். அந்த வட்டம் நேராக அமைந்தால்தான் மேலே வருவதெல்லாம் நேராக இருக்கும், கோணினால் கோணலாகவே ஏறும். ஒவ்வொன்றையும் அரை சென்டிமீட்டர் ஆழம் செருகினால் போதும். நுனியை நெருங்க நெருங்க வட்டத்துக்கு ஒன்றிரண்டைக் குறைத்துக்கொண்டே போங்கள். ஒரு கதிருக்கு ஏறக்குறைய 140 மிட்டாய், எடையில் 300 கிராமுக்குள் அடங்கும். வீட்டில் செய்தது இதற்கு மிருது, நசுங்கும். மேல்தோகைக்கு மெக்சிகன் கடைகளில் தமாலே என்ற சோளமாவுப் பண்டத்தைச் சுற்ற விற்கும் காய்ந்த சோளத்தோகையை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, துடைத்து, அடியில் சுற்றி நூலால் கட்டுங்கள். ஈரம் போகத் துடைக்காவிட்டால் அடி வரிசை கரையும்.

கண்ணாடி ஜாடியும் கூம்பும்

ஜாடியில் மிட்டாயைக் கொட்டி நடுவில் மெழுகுவத்தி வைப்பது எல்லோரும் செய்வது. முழு ஜாடியையும் நிரப்புவது வீண். உள்ளே சின்னக் கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கவிழ்க்காமல் நிறுத்தி, இரண்டுக்கும் இடையில் மட்டும் மிட்டாய் போடுங்கள். 15 சென்டிமீட்டர் அகல ஜாடியில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு முழுதாக நிரப்ப ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வேண்டும். நடுவில் 10 சென்டிமீட்டர் அகல டம்ளர் இருந்தால் 800 கிராமில் முடிந்துவிடும். வெளியே பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

மூன்று நிறமும் வரி வரியாகத் தெரிய வேண்டுமானால் கொட்டக் கூடாது. கண்ணாடியை ஒட்டிய முதல் வரிசையைக் கையால், மஞ்சள் அடி கீழே இருக்கும்படி அடுக்கி, பின்னால் இருக்கும் இடைவெளியில் மட்டும் கொட்டுங்கள். டம்ளருக்குள் பேட்டரி மெழுகுவத்தி வையுங்கள். நிஜச் சுடர் என்றால் டம்ளர் சூடேறி, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மிட்டாய் இளகிக் கண்ணாடியில் ஒட்டும். டம்ளரும் வெடிக்கலாம்.

கூம்பு மரத்துக்கு 25 சென்டிமீட்டர் உயரம், அடியில் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள தெர்மாகோல் கூம்பு, அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கேண்டி கார்ன். முதலில் கூம்புக்கு ஆரஞ்சு நிற அக்ரிலிக் பெயின்ட் அடித்து உலர்த்துங்கள். இந்த வேலையை விட்டால் இடுக்குகளில் வெள்ளை பல்லிளிக்கும். ஸ்ப்ரே பெயின்ட் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துக் குழியாக்கிவிடும். குளூ கன்னில் குறைந்த சூட்டு வகையை எடுங்கள், அது 120 டிகிரி வாக்கில் இருக்கும். 190 டிகிரியைத் தொடும் வகை மிட்டாயையும் உருக்கும், தெர்மாகோலையும் உருக்கும்.

அடியிலிருந்து மேலே போங்கள், ஓட்டுக்கூரை வேய்வது போல. நுனி கீழ்நோக்கி, மேல் வரிசை கீழ்வரிசையின் மஞ்சள் அடியைச் சற்று மூடும்படி. பசையை மிட்டாயில் வைக்காமல் கூம்பில் ஒரு புள்ளி வைத்து, ஐந்து விநாடி கழித்து மிட்டாயை அழுத்துங்கள். அந்த ஐந்து விநாடி முக்கியம். மிட்டாயின் அரக்குப் பூச்சு கொதிக்கிற பசையில் இளகும், பிறகு பூச்சோடு சேர்ந்து கழன்று விழும். மறுநாள் காலையில் மேசையடியில் பத்து மிட்டாய் கிடந்தால் காரணம் இதுதான்.

ஹூஸ்டன், புளோரிடா போன்ற புழுக்கமான இடங்களில் நான்கைந்து நாளில் மேற்பரப்பு பிசுபிசுக்கும். தெர்மாகோலை அரிக்காத வகை அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரேயை வெளியே வைத்து இரண்டு மெல்லிய பூச்சாக அடித்தால் ஈரம் ஏறாது. பசையும் ஸ்ப்ரேயும் பட்டது தின்ன ஆகாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், பிய்த்து வாயில் போடாத பிள்ளை இல்லை. வாசலில் வைக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு மழைக்கு நிறம் கரைந்து படியெல்லாம் கறையாகும், மழை வராவிட்டால் அணில் வரும்.

நவம்பர் 1 காலையில் மிஞ்சிய பாக்கெட்டுகள் பாதி விலைக்கு வரும். கூம்பு, ஜாடி வேலையை நவம்பர் நான்காம் வியாழன் நன்றிநவிலல் நாளுக்கு (தேங்ஸ்கிவிங்) செய்வதாக இருந்தால் நவம்பர் 1 அன்றே வாங்குவதுதான் லாபம். அடிப்பகுதி சாக்லேட் பழுப்பாக இருக்கும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள், ஹாலோவீன் சாயல் இல்லாமல் அறுவடைக்காலத்துக்குப் பொருந்தும். கலைக்கும்போது ஜாடியில் ஒட்டியதைக் கத்தியால் சுரண்டாமல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். பெரும்பகுதி சர்க்கரைதான், காலையில் ஆரஞ்சுத் தண்ணீராக இறங்கிவிடும்.